கரண்ட் போனால் நல்லவர்

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகிற வழியில் சென்னகிருஷ்ணனின் தறிக்குடோன் இருந்தது. குடோன் சுவரிலேயே முதுகை ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை லைன் வீடுகள். குடோனில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி கொடுத்தவை. அவர்தான் அதை வீடு என்பார். உள்ளே படுத்தவர்கள் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தவிர இரவும் பகலும் தறி ஓடும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வாரம் மண்டை கிறுகிறுக்கும். பழகிவிட்டால், சத்தம் நின்றால்தான் தூக்கம் கெடும். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தெரியாது, பாத்திரம் உருண்டாலும் தெரியாது. அதனால் குடோனுக்குள் எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது, தறியை நிறுத்து என்று பொருள். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ வந்துவிட்டது. முதலாளி வருகிறார் என்பதற்கும் ஒரு சைகை உண்டு. அதை எழுத முடியாது.

பழனியாத்தாள் அங்கே தார் போட்டுக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் மெஷினால் நூல் சுற்றுகிற வேலை. அதற்கு முன்னால் கவுண்டர் தோட்டங்களில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் முதுகு வளைந்தவள். ஸ்டூலில் உட்கார வைத்துச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று முதல் நாள் சந்தேகமாகவே உட்கார்ந்தாள். அவள் புருஷன் கண்ணையா ஒரே ஒரு தடவை கையை ஓங்கியிருக்கிறான். அன்றைக்கு அவள் கையில் களைக்கொத்து இருந்தது. அதிலிருந்து அவனே டீ போட்டுக் குடிக்கிறான்.

அவளுடைய மெஷினுக்கு ஒரு பக்கம் மெயின் சுவிட்ச். மறுபக்கம் ஒரு சன்னல். சன்னல் வழியாகப் பார்த்தால் லைன் வீட்டு வாசலும் துணி காயப்போடுகிற கொடியும் தெரியும்.

லைன் வீட்டிலேயே நல்லவன் யார் என்று கேட்டால் எல்லாரும் ரவிக்குமாரைத்தான் காட்டுவார்கள். ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவன். பகலில் வீட்டில் இருப்பான். எல்லாரையும் வாங்க, போங்க என்பான். வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட, "கொஞ்சம் அந்தப்பக்கம் போங்க" என்றுதான் விரட்டுவான் என்று தறி ஓட்டுகிற ஆல்வின் கேலி செய்வான். சீட்டு கிடையாது. குடி எப்போதாவது. பெண்டாட்டி பொற்கொடியைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால் பையை அவனே தூக்கிக்கொள்வான். அவ்வளவு நல்ல மனிதனுடைய பெண்டாட்டி மட்டும் எப்போது பார்த்தாலும் எங்கேயாவது இடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் நிலைப்படி நெற்றியில் பட்டது. ஒரு நாள் அண்டா தாடையில் பட்டது. அவர்கள் வீட்டில் அண்டாவே இல்லை என்பது பழனியாத்தாளுக்குத் தெரியும்.

ஆடி மாசம் அவர்களுடைய மகள் இனியா கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. குழாயடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றாள் பொற்கொடி.

"ஏம்மணி, குழாய்ல தண்ணி வந்தே ஒரு வாரமாச்சு" என்றாள் பழனியாத்தாள். "எதுல வழுக்கினா, காத்துலயா?"

பொற்கொடி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வெறும் குடம்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனது.

கரண்ட் போனால் குடோனில் ஒரு வழக்கம் உண்டு. தறியை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பீடி குடிக்கிறவர்கள் பீடி பற்றவைப்பார்கள், மற்றவர்கள் வேர்வையைத் துடைப்பார்கள். அன்றைக்கு முதல் ஆள் வாசல் தாண்டுவதற்குள் ரவிக்குமார் வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. பாதி வார்த்தை, கெட்ட வார்த்தை, மீதியை முழுங்கிவிட்டது போல நின்றது. அதற்கு முன்னால் சப்பென்று ஒரு சத்தம். சப்பாத்தி மாவை யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். எல்லாரும் நின்றபடியே நின்றார்கள்.

கதவு திறந்தது. ரவிக்குமார் கைலியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி வெளியே வந்தான்.

"என்னுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?"

அடித்துப்போட்டவன் இத்தனை சுத்தமான முகத்தோடு வந்து நின்றால் யார்தான் என்ன கேட்பது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. தறிகள் மறுபடியும் ஓடின. கேட்டது எல்லாம் கேட்காத மாதிரி ஆகிவிட்டது.

பழனியாத்தாளுக்கு மட்டும் ஆகவில்லை. சாயங்காலம் நேராகப் பொற்கொடிக்குப் பக்கத்து வீட்டு சாயிரா பானுவிடம் போனாள். பானு குடோனில் காலையில் துணி மடிக்கிறவள். மத்தியானம் வீட்டில் இருப்பாள். அவள் அடுப்படிச் சுவரும் பொற்கொடியின் சுவரும் ஒன்றுதான். பானு எல்லாவற்றையும் முன்னமே அறிந்திருந்தாள். காதால் இல்லை. அந்த வீட்டில் அடி விழும்போது அவள் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். தறி ஆட்டம் ஒரே சீராக இருக்கும், இது விட்டு விட்டு வரும்.

"அப்போ எதுக்கு அம்மணி வாயத் தெறக்கலே?"

"தெறந்து யாருகிட்டக்கா சொல்றது?" என்றாள் பானு.

பழனியாத்தாள் போலீஸ் என்று ஆரம்பித்ததுமே பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பானு கோட்டைமேட்டில் பிறந்தவள். போன வருஷம் கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிறகு, அவளும் அவள் புருஷன் அப்துல் கையூமும் வீடு கேட்டு அலைந்தார்கள். பேரைக் கேட்டதும் எல்லா இடத்திலும், இப்பத்தானுங்க ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறாரு என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். சென்னகிருஷ்ணன் மட்டும் கொடுத்தார். மனசு பெரிசு என்றெல்லாம் இல்லை. அந்த வீட்டுக் கூரை ஒழுகியது, வேறு யாரும் வரவில்லை. இந்த வாசலுக்குப் போலீஸ் வந்தால் ரவிக்குமாரைக் கேட்பதற்கு முன்னால் கையூமைத்தான் கேட்பார்கள் என்றாள் பானு. அதில் பொய் ஒன்றும் இல்லை.

பொற்கொடியின் பிறந்த வீட்டுக்குச் சொல்லியனுப்பிப் பார்த்தார்கள். கட்டிக் கொடுத்துவிட்டோம், அவர்கள் பாடு என்று பதில் வந்தது. அப்புறம் சாமிகள்தான் மிச்சம். பழனியாத்தாள் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனிடம் நியாயம் கேட்டு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு, வரும்போது திருநீறு கொண்டுவந்தாள். ஆல்வின் வீட்டுக்காரி கருமத்தம்பட்டி மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒரு டாலர் வாங்கி வந்தாள். பானு தர்காவில் ஓதி வாங்கிய கறுப்புக் கயிற்றைக் கொடுத்தாள். இனியா நெற்றியில் திருநீறும், கழுத்தில் மாதா டாலரும், மணிக்கட்டில் கறுப்புக் கயிறுமாகப் பள்ளிக்கூடம் போனாள். மூன்றும் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். அடி மூன்றையும் தாண்டித்தான் விழுந்தது. டம்ளர் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது பழனியாத்தாளுக்கு ஒன்று உறைத்தது. அவன் சாமிக்குப் பயப்படவில்லை. சாதிசனத்துக்குப் பயப்படவில்லை. அன்றைக்குக் கரண்ட் போனபோது மட்டும் பாதி வார்த்தையை முழுங்கினானே. தலையைத் திருப்பி மெயின் சுவிட்சைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கையூம் டிவிஎஸ் பிப்டியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராக நைட்டியும் உள்பாவாடையும் விற்கிறவர். அதில் கண்ணைக் குத்துகிற சிவப்பில் ஒரு பாவாடை எந்த ஊரிலும் போகவில்லை. பானு அதை எடுத்துக்கொண்டாள். டம்ளர் ஆடினால் அவள் அந்தப் பாவாடையை நனைத்துக் கொடியில் போடுவாள். சன்னல் வழியாகச் சிவப்புத் தெரிந்ததும் பழனியாத்தாள் மெயினை இறக்கிவிடுவாள். பேசி வைத்தது அவ்வளவுதான்.

முதல் தடவை சிவப்புத் தெரிந்ததும் பழனியாத்தாள் மெயினை இறக்கினாள். தறிகள் பொத்தென்று நின்றன. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ரவிக்குமாரும் வந்தான்.

"என்னுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?"

"ஆமாங்க" என்றாள் பழனியாத்தாள். "உங்க மூஞ்சி எதுக்கு இப்பிடி வேர்த்திருக்குது? உள்ள எதாச்சும் பாரம் தூக்குனீங்களா?"

ஆல்வின் பீடியை வாயிலிருந்து எடுக்காமல், சோறு ஆச்சுங்களா என்று கேட்டான். இன்னொருவன், அம்மணிக்கு ஒடம்பு சௌகரியங்களா, கூப்பிடுங்க பாக்கலாம் என்றான். ரவிக்குமாருடைய மரியாதையையே ஆளுக்கொரு பிடியாக எடுத்து அவன் மேல் அள்ளிப் போட்டார்கள். பொற்கொடி வாசலுக்கு வர வேண்டியதாயிற்று. வந்தவளை ஆல்வின் வீட்டுக்காரி ஊறுகாய் தருகிறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தறி ஓடுகிற வரைக்கும் அனுப்பவில்லை. ஓடின பிறகும் ரொம்ப நேரம் அனுப்பவில்லை.

குடோனில் யாருக்கும் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஆனால் கொடியில் பாவாடை ஏறினால் தறிக்காரர்கள் கரண்ட் போவதற்கு முன்பே பீடிக்கட்டைத் தேட ஆரம்பித்தார்கள். கையூமுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா பானு, விக்காத சரக்க எதுக்குடி தொவச்சுத் தொவச்சுக் காயப்போடறே?"

"சாயம் போகுதான்னு பாக்கறேங்க."

"போகுதா?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போகுது" என்றாள் பானு.

ரவிக்குமாரும் முட்டாள் இல்லை. எதிர்க் குடோனில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கே மட்டும் கரண்ட் போவதை அவனும் கவனித்தான். ஒரு நாள் முதலாளியிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நம்முடைய குடோனில் மட்டும் அடிக்கடி கரண்ட் போகிறது, யாரோ விளையாடுகிறார்கள் போல, மெயினுக்கு ஒரு பூட்டுப் போட்டால் நல்லதுங்க என்றான்.

சென்னகிருஷ்ணன் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். ஓடுகிற தறி சட்டென்று நின்று மறுபடி ஓடினால் துணியில் குறுக்கே கோடு விழும். கோடு விழுந்த துணியை வியாபாரி திருப்பிவிடுவான். மறுநாள் அவர் சத்தமில்லாமல் கதவோரம் நின்று பார்த்தார். பழனியாத்தாள் கை மெயினில் இருக்கும்போதே பிடித்துவிட்டார்.

பழனியாத்தாள் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், பிள்ளையின் மாவுக்கட்டு வரைக்கும். முதலாளி பூட்டை மாட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"அது அவங்க ஊட்டுச் சங்கதி. எங்காதுல கேக்காத சங்கதிக்கு நான் நாயம் பேச மாட்டேன் பழனியாத்தா."

"தறி ஓடறப்ப உங்க காதுல எதுங்க மொதலாளி கேக்கும்?"

"இன்னொருக்கா தறி நின்னுச்சுன்னா உம்பட மூட்டைய வெளிய வெச்சுருவேன். ஊட்டையும் காலி பண்ணிரு."

அதோடு முடிந்தது. பழனியாத்தாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூட்டு பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வீடு போனால் கண்ணையாவோடு மறுபடியும் எந்தத் தோட்டத்து வேலியில் போய் ஓலைச் சாளை போடுவது என்று யோசித்தாள். பானுவிடம் போய், பாவாடையை எடுத்து மடித்து வைத்துவிடு என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தாள். சொல்லவில்லை.

பூட்டுப் போட்ட சங்கதி ரவிக்குமாருக்கு அன்றைக்கே தெரிந்தது. மறுநாள், பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தவன், குழம்பில் உப்பு என்றோ என்னவோ, பொற்கொடியை அடிக்க ஆரம்பித்தான். பானு வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடவில்லை, விழுந்து உருண்டது. பானு பாவாடையை நனைக்கக்கூட இல்லை; காய்ந்தபடியே கொண்டுவந்து கொடியில் போட்டாள். போட்டுவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று அந்த லைனில் காலம் தள்ளியவள், நடு வாசலில் நின்று குடோன் சன்னலையே பார்த்தாள்.

பழனியாத்தாள் பூட்டைப் பார்த்தாள். முதலாளி வாசலில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து திரும்பி ஆல்வினைப் பார்த்தாள். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தாள்.

இழை அறுந்துவிட்டது. தறியை நிறுத்து.

ஆல்வின் தன் தறியைப் பார்த்தான். ஒரு இழையும் அறுந்திருக்கவில்லை. சன்னலைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான். தறியின் கைப்பிடியை மெதுவாகத் தட்டினான். அந்தத் தறி நின்றது. அடுத்ததைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் இருந்தவனுக்கு அதே சைகையைக் காட்டினான். அவன் அடுத்தவனுக்குக் காட்டினான். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் இழை அறுந்தது.

மெயினை இறக்கினால் சத்தம் வெட்டிப் போட்ட மாதிரி நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. மழை விடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதனால் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவனுக்குத் தெரியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தது. எழுந்து உள்ளே ஓடி வந்தார். கையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்து என்னவோ கத்தினார். கடைசித் தறி நின்றபோது, "எவன்டா அது" என்கிற அவர் சத்தம் மட்டும் தனியாகக் குடோனில் எதிரொலித்தது. அவருக்கே கூச்சமாகிவிட்டது.

அப்போது சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. தடால் என்று ஒன்று. பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற முனகல். மறுபடியும் ஒன்று. ரவிக்குமாரின் குரல், இங்கே யாரும் கேட்டறியாத குரல், ஒரு ‘ங்க’கூட இல்லாத குரல். அதற்கு நடுவில் இனியா பேசினாள். அழாமல், அவனுக்கு உதவி செய்கிற மாதிரி, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அப்பா, தறி நின்னுபோச்சுங்கப்பா."

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த சட்டம் அது. தறி ஓடினால் அடி. தறி நின்றால் நிறுத்த வேண்டும். அப்பன் மறந்துவிட்டான், ஞாபகப்படுத்துகிறாள்.

எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். முதலாளியும் போனார். கதவு திறந்தது. ரவிக்குமார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தான். சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"என்னுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?"

குடோனுக்குள் ட்யூப்லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் இருக்குதுங்க" என்றான் ஆல்வின். "உங்களைக் கேக்கறதுக்குத்தான் தறிய நிறுத்தினோம்."

ரவிக்குமார் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவனைப் பார்க்காமல் கொடியில் தொங்குகிற பாவாடையைப் பார்த்தார். இனிமேல் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் பொற்கொடி இனியாவைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. இந்த முறை நிலைப்படி என்றோ அண்டா என்றோ சொல்லவில்லை. எல்லாரையும் தாண்டி நேராகக் குடோனுக்குள் போனாள். பழனியாத்தாளின் மெஷினுக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தார் போடத் தெரியுமுங்க மொதலாளி. குடோன்ல வேல செய்யறவங்களுக்குத்தானுங்களே ஊடு? எனக்கு வேல குடுங்க. ஊடு எனக்கு இருக்கட்டும்."

"அப்ப அவன்?"

"அவரு எங்கயோ போகட்டுமுங்க."

சென்னகிருஷ்ணன் ஒன்றும் அன்றைக்கு மகான் ஆகிவிடவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு ஓர் ஆளை இன்றைக்குச் சொன்னால் நாளைக்குப் பிடிக்கலாம். இவனை இங்கே வைத்துக்கொண்டால் இந்தக் கூட்டம் தினமும் இழை அறுந்ததென்று நிற்கும். துணி முழுக்கக் கோடு விழும். மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் ரவிக்குமாரிடம் திரும்பினார். பிள்ளையின் மாவுக்கட்டையும் அப்போது ஒரு முறை பார்த்தார். எது முதலில், எது அப்புறம் என்று அவருக்கே தெரியாது.

"சிங்காநல்லூர்ல உம்பட அக்கா இருக்கறாளல்ல? பஸ் ஏறு" என்றார். "இந்தக் கூட்டம் போலீசுக்குப் போனா, கேட்டேன்னு நானே சொல்லுவேன்."

பானு கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கையை அப்போதுதான் எடுத்தாள்.

ரவிக்குமார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, பிள்ளையைப் பார்க்கவும் விடமாட்டீங்களா என்று எல்லாரையும் பொதுவாகக் கேட்டான். பொற்கொடி ஸ்டூலை விட்டு எழாமல் பதில் சொன்னாள்.

"ஞாயித்துக்கெளமை வாங்க. வாசல்ல உக்காந்து பாத்துட்டுப் போங்க. தறி ஓடாத அன்னைக்கு மட்டும்."

பழனியாத்தாளின் மூட்டையைப் பற்றி முதலாளி அதற்கப்புறம் பேசவில்லை. மெயினில் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார்.

ரவிக்குமார் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். கையில் தேங்காய் பன்னோ ஆரஞ்சோ இருக்கும். துணி துவைக்கிற கல்லில் உட்காருவான். அன்றைக்கு லைன் வீட்டில் ஒருவரும் உள்ளே இருக்கமாட்டார்கள். ஆல்வின் மாதா கோயில் பூசை முடிந்து அப்படியே வந்து எதிரில் உட்காருவான். கண்ணையா தானே போட்ட டீயை ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவருவான். அக்கா சௌகரியங்களா, பஸ்ல கூட்டமுங்களா, ஒடம்பு எளச்சுப்போச்சுங்களே என்று ஒருவர் மாற்றி ஒருவர் விசாரிப்பார்கள். ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதியில் அவன் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்பான். அவள் மாவுக்கட்டு அவிழ்த்த கையால் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே பதில் சொல்லுவாள். இப்போதெல்லாம் சத்தமாகத்தான் சொல்லுவாள்.

ஒரு ஞாயிறு கையூம் கொடியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். சிவப்பு வெளுத்து ரோஸ் நிறம் ஆகியிருந்தது.

"இன்னிக்கு எதுக்குடி இத நனச்சே? சரக்கே பாழாப்போச்சு."

"அது விக்கறதுக்கு இல்லீங்க" என்றாள் பானு, ரவிக்குமார் காதில் விழுகிற மாதிரி.

ரவிக்குமார் கொடியைப் பார்த்தான். டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தான்.

"அப்ப நான் வாரேனுங்க."

"இருங்க, என்னுங்க அவசரம்?" என்றாள் பழனியாத்தாள். "இன்னும் எத்தனையோ கேக்க வேண்டியிருக்குது."